வேல்ஸ், வால்நட், வலாக்கியா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வால்நட்டில் உள்ள ‘வால்’, வேல்ஸ் என்ற பெயரிலும் இருக்கிறது, இரண்டுக்கும் ‘அந்நியர்’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்தான் வேர் என்று படித்தேன். பிரிட்டனுக்குப் பின்னால் வந்தவர்கள் ஆங்கிலேயர். முன்பே இருந்தவர்களை எப்படி அந்நியர் என்றார்கள்? ருமேனியாவின் வலாக்கியாவும் வைக்கிங்குகளின் வல்ஹல்லாவும் இதே சொல்தானா?

க.

அன்புள்ள க.,

படித்தது சரிதான். ஆனால் ‘அந்நியர்’ என்று பெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடுகிறது. மொழியியலாளர்கள் மீட்டெடுத்த மூலவடிவம் ‘வல்ஹஸ்’. ஜெர்மானியர் எல்லா வேற்றாரையும் அப்படி அழைக்கவில்லை. கிழக்கே இருந்த ஸ்லாவியருக்கு ‘வெண்டர்’ என்று வேறு பெயர் இருந்தது. தெற்கிலும் மேற்கிலும் இருந்த கெல்டியர் என்ற பழைய ஐரோப்பிய இனத்தார், பிறகு லத்தீன் பேசியவர்கள், இவர்கள்தான் வல்ஹஸ்.

அது முதலில் ஒரு குலப்பெயர் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. மத்திய ஐரோப்பாவில் வாழ்ந்த வோல்கே என்ற கெல்டியக் குலத்தை ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்புகளில் சொல்கிறார். பக்கத்துக் குலத்தின் பெயர் அந்த இனம் முழுவதற்கும் ஆகிவந்தது. இதற்கு ஒலியே சாட்சி. ஜெர்மானிய மொழிகளில் ஒரு காலத்தில் பழைய ‘க’ பெரும்பாலும் ‘ஹ’ ஆனது. லத்தீனில் கொம்புக்குக் கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். குறில் ‘ஒ’ ‘அ’ ஆனது. வோல்க் என்பதை வல்ஹ் ஆக்க இந்த இரண்டு மாற்றமும் போதும். அப்படியானால் ‘க’ மாறுவதற்கு முன்பே சொல் கைமாறியிருக்க வேண்டும். மாற்றம் முடிந்தபின் கடன்வாங்கிய ‘சீசர்’ ஜெர்மனில் இன்றும் ‘கைசர்’தான், ‘க’ அப்படியே நிற்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஆங்கிலேயரும் ஜெர்மானியர்தான்; அவர்கள் கடல் கடந்து பிரிட்டனுக்கு வரும்போதே இந்தச் சொல் அவர்கள் வாயில் இருந்தது. கெல்டிய மொழி பேசி, ரோமானிய ஆட்சியில் வாழ்ந்திருந்த பிரிட்டானியரைக் கண்டதும் அதே பெயரைச் சொன்னார்கள். யார் முன்னால் வந்தார் என்ற கணக்கே அதில் இல்லை. பன்மையான ‘வியாலஸ்’ வேல்ஸ் ஆயிற்று, கார்ன்வாலின் பின்பாதியும் அதுவே.

சொல் இழிந்தது அதன் பிறகுதான். பழைய ஆங்கிலத்தில் ‘வியால்ஹ்’ அடிமையையும் குறித்தது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் அரசை ஆண்ட மன்னர் ஐனி இயற்றிய சட்டத்தில் கொலைக்கான ஈட்டுத்தொகையைப் பாருங்கள்: சாதாரண ஆங்கிலக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், ஒரு குடும்பம் பிழைக்கும் அளவு நிலமுள்ள வியால்ஹுக்கு 120, நிலமே இல்லாதவனுக்கு 60. வேல்ஸ் மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ‘கம்ரி’, ஒரே நாட்டார் என்று பொருள். அவர்கள் மொழியில் நாட்டின் பெயரும் அதை ஒட்டிய ‘கம்ரு’தான். வேல்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒருமுறையாவது குறிப்பிட வேண்டும்.

வால்நட், இன்றைய பிரான்ஸ் பகுதியான ‘கால்’ என்ற பழைய நாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த கொட்டை. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியான வலோனியாவும் இதே வேர். ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்கள் பிரெஞ்சு பேசும் பகுதியை இன்றும் ‘வெல்ஷ்லாண்ட்’ என்கிறார்கள்.

வலாக்கியாவும் அதுவே. ஸ்லாவியர் இந்தச் சொல்லை ஜெர்மானியரிடமிருந்து வாங்கி, லத்தீன்வழி மொழி பேசியவர்களுக்கு ‘விலாஹ்’ என்று வைத்தார்கள். அதனால்தான் போலிஷ் மொழியில் இத்தாலிக்கு ‘வுவோஹி’. ஹங்கேரியன் இதை இருமுறை வாங்கியது: ‘ஓலாஸ்’ இத்தாலியர், ‘ஓலாஹ்’ ருமேனியர். வலாக்கியர்கள் தங்கள் நாட்டை அழைத்ததோ ‘ருமேனிய நாடு’ என்று.

வல்ஹல்லா இதில் சேராது. அதிலுள்ள ‘வல்’ போரில் மாண்டவரைக் குறிக்கும் வேறு சொல்.

இங்கிலாந்து ஊர்ப்பெயர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வால்டன் என்ற ஊர் பல இடங்களில் உண்டு. சிலவற்றில் இருப்பது காடு, சிலவற்றில் மதில், சிலவற்றில் ஊற்று. மிகப் பழைய ஆவணத்தில் எழுத்துக்கூட்டலைத் தேடுங்கள். ‘வாலெடன்’ என்று நடுவில் ஓர் ‘எ’ இருந்தால் அது ‘பிரிட்டானியரின் ஊர்’ ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய வேற்றுமை விகுதியின் எச்சம் அது. அந்த எழுத்து இல்லையென்றால் காடு, மதில், ஊற்று மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்