இந்திய அணி ஜெர்சி: 5,000 ரூபாய் அசல் வாங்குவதா, 799 ரூபாய் 'ஃபர்ஸ்ட் காப்பி' போதுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: "சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கப் போகிறேன். இந்திய அணி ஜெர்சி ஷோரூமில் 5,000 ரூபாய் சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் அதே ஜெர்சி 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று 799 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரசிகனுக்கு எது போதும்?"

இரண்டுமே வேண்டாம் என்பேன். 5,000 ரூபாய் சட்டை மைதானத்துக்குள் ஓடுகிறவனுக்காகத் தைத்தது. 799 ரூபாய் சட்டை அசலைப் பார்த்து அடித்த போலி, அந்த விலைக்குக் கொஞ்சமும் பெறாது. இரண்டுக்கும் நடுவில், கேலரியில் உட்காருகிறவனுக்காகவே அதே கம்பெனி போடும் ஜெர்சி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் திருப்பூரில் விளையாட்டு உடை தைக்கிற ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பள்ளி, கல்லூரி, கிளப் டீம்களுக்கு ஜெர்சி போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கிரிக்கெட் என்றால் எனக்கு உயிர். அதனால் இந்தக் கேள்விக்குத் துணியைத் தொட்டுப் பார்த்தே பதில் சொல்ல முடியும்.

2023 ஜூனில் அடிடாஸ் இந்திய அணியின் ஜெர்சியை எடுத்துக்கொண்டபோது கடைக்கு வந்தது ஒரே சட்டை இல்லை. வீரர்கள் போடுகிற அதே ரகம் 4,999 ரூபாய், அதன் ரெப்ளிகா 2,999 ரூபாய், ஃபேன் ஜெர்சி 999 ரூபாய் என்று மூன்று படி வைத்தார்கள். மூன்றும் அந்தக் கம்பெனியே போட்டது, மூன்றும் அசல்தான். ரெப்ளிகா என்றதும் டூப்ளிகேட் என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கடைசியில் ஒன்று கடன் வாங்கி மேல்படிக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் நேராகப் போலியில் போய் விழுகிறார்கள். உங்கள் கேள்வியிலும் ரெப்ளிகாவையும் ஃபேன் ஜெர்சியையும் காணோம்.

மேல்படி ஜெர்சியைக் கையில் எடுத்தால் காகிதம் மாதிரி லேசாக இருக்கும். வேர்வை அதிகம் வரும் இடங்களில் துளை பெரிதாக விட்டு நெய்திருப்பார்கள். லோகோ எல்லாம் ஹீட் பிரஸ்ஸில், அதாவது சூட்டில் அழுத்தி, ஒட்டியவை. ஐம்பது ஓவர் ஃபீல்டிங் நிற்பவனுக்கு எம்ப்ராய்டரி நெஞ்சில் உரசக்கூடாது, எடையும் கூடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். வெட்டும் உடம்போடு ஒட்டினாற்போல இருக்கும். தினமும் ஜிம்முக்குப் போகிற உடம்புக்கு அது எடுப்பாக இருக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு வயிற்றில் பிடிக்கும். வாங்குவதாக இருந்தால் ஒரு சைஸ் கூட்டி எடுங்கள்.

இந்த ரகத்தில் இன்னொரு சிக்கல் நம் வீட்டுத் துவைப்பு. வீரருக்கு ஒரு சீசனுக்குப் பல செட் ஜெர்சி வரும், ஒன்று போனால் அடுத்தது. நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கல்லில் ரெண்டு அடி அடித்தால் லோகோவின் ஓரம் முதலில் தூக்கும், அப்புறம் நடுவில் கீறல் விழும். அயர்ன் பாக்ஸ் ஒரு தரம் நேராகப் பட்டாலே போதும், லோகோ இளகிவிடும். ரெப்ளிகாவில் பொதுவாகத் துணி இன்னும் கொஞ்சம் கனம், வெட்டு தாராளம். கால்பந்து கிளப் ஜெர்சிகளில் கிளப் சின்னத்தை ரெப்ளிகாவுக்கு எம்ப்ராய்டரி போட்டே கொடுப்பார்கள். அடிக்கடி துவைத்துப் போடுகிறவனுக்கு மேல்படியைவிட அதுதான் உழைக்கும். 4,999-க்கும் 2,999-க்கும் நடுவே இருந்த 2,000 ரூபாய் ஆட்டக்காரனின் வசதிக்கான காசு. நமக்கு அதில் வருவது குறைவு.

வரியும் இதில் சேரும். அந்த 999 சும்மா வைத்த விலை இல்லை என்பது என் ஊகம். அப்போது 1,000 ரூபாய் வரை துணிமணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 12. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லை 2,500 ரூபாய்க்கு மாறிவிட்டது, அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஆக, மேல்படி ஜெர்சியில் வரியும் கனமாகவே ஏறுகிறது.

இப்போது ஃபர்ஸ்ட் காப்பிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

அது தயாராகிற விதம் இதுதான். வெள்ளை பாலியஸ்டர் துணி, டாட் நிட், ரைஸ் நிட் என்கிற பின்னல் ரகங்களில் ஏதாவது ஒன்று. டிசைன் முழுவதையும், ஸ்பான்சர் பெயர், சின்னம், அடிடாஸின் மூன்று கோடு எல்லாம் சேர்த்து, காகிதத்தில் திருப்பி அச்சடிப்பார்கள். அந்தக் காகிதத்தைத் துணிமேல் வைத்துச் சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் மை ஆவியாகி நூலுக்குள் இறங்கிவிடும். சப்ளிமேஷன் என்று சொல்வது இதைத்தான். அப்புறம் ஓவர்லாக், பேட்லாக் தையல், செக்கிங், பேக்கிங். பெரியவர் சைஸுக்குக் கால் கிலோ துணிகூட ஆகாது. எல்லாம் சேர்த்தே 200 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அதாவது 799-இல் பெரும்பங்கு அந்தப் பெயருக்கும் போட்டோவுக்கும் கொடுப்பது.

சப்ளிமேஷன் மட்டமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். உரியாது, வெடிக்காது, வருஷக்கணக்கில் நிற்கும். பெரிய கம்பெனிகளும் டிசைன் ஏற்ற அதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அவசரத்தில் அடித்த சட்டையை எடுத்துத் தோள் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், நீலத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். அக்குள் மடிப்பைப் பிரித்தால் மை எட்டாத வெள்ளைத் திட்டு இருக்கும். கைக்கு வந்திருக்கிற கோடு தோள் தையலில் முன்பக்கத்துக் கோட்டோடு சேராமல் அரை இஞ்ச் தள்ளி நிற்கும். கட்டிங் டேபிளில் நிற்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். மலிவுத் துணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏப்ரல், மே மாதத்துச் சேப்பாக்கத்தில், கடல்காற்று வராத பகல் மேட்சில், முதுகோடு ஒட்டிக்கொண்டு விடவே விடாது.

அப்புறம் அந்த 'சர்ப்ளஸ்' கதை, அதாவது கம்பெனி ஆர்டரில் மிஞ்சிய சரக்கு என்பது. திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் கேட்டிருப்பீர்கள்: "கம்பெனி சர்ப்ளஸுங்ணா, ஷோரூமுக்குப் போற அதே பீஸுதானுங்." திருப்பூரில் சர்ப்ளஸ் உண்மையாகவே இருக்கிறது, நல்ல சரக்கும் கிடைக்கும். ஆனால் சர்ப்ளஸ் என்றால் சைஸ் உடைந்துதான் வரும். எக்ஸ்.எல். பத்து இருந்தால் மீடியம் ஒன்றுகூட இருக்காது. லேபிளை வெட்டிவிட்டுத்தான் பெரும்பாலும் வெளியே விடுவார்கள். ஸ்மால் முதல் டபுள் எக்ஸ்.எல். வரை எல்லா சைஸும், லேபிளோடு, எத்தனை பீஸ் வேண்டுமானாலும் என்று ஒருவர் சொன்னால் அது சர்ப்ளஸ் இல்லை, புதிதாக அடித்த சரக்கு. கால்பந்து ரசிகர்களிடம் 'தாய்லாந்து குவாலிட்டி' என்று விற்பதும் இதே வகைதான். பெரிய கம்பெனிகளின் அசல் ஜெர்சி பல தாய்லாந்தில் தைக்கப்படுகின்றன. அந்த நல்ல பெயரைப் போலிக்காரர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில. கழுத்துக்கு உள்ளேயோ இடுப்புத் தையலிலோ இருக்கும் லேபிளில் ஆர்ட்டிகிள் நம்பர், அதாவது அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த எண், இருக்கும். அதை அப்படியே கூகுளில் போடுங்கள். அதே ஜெர்சி வராமல் ஷூவோ வேறு கலர் டிராயரோ வந்தால் கதை முடிந்தது. சரியாக வந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள், நம்பரையும் காப்பி அடிப்பார்கள். தொங்கும் அட்டையில் ரூபாயில் எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கிறதா பாருங்கள். யூரோ விலை மட்டும் போட்டு இந்திய விலையே இல்லாத அட்டை என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. உலகக் கோப்பை மாதிரி ஐ.சி.சி. போட்டிகளில் அணியின் ஸ்பான்சர் பெயர் நெஞ்சில் வராது, கையில்தான் வரும். நெஞ்சில் நாட்டின் பெயர் மட்டும்தான் பெரிதாக இருக்கும். 2024 ஜூன் 29-ஆம் தேதி பார்படாஸில் கோப்பையைத் தூக்கிய அந்தக் காவித் தோள் ஜெர்சியைக் கண்ணுக்குள் கொண்டுவந்து பாருங்கள். நெஞ்சில் அப்போதைய ஸ்பான்சர் ட்ரீம்11 பெயரைப் பெரிதாக அடித்துவிட்டு 'உலகக் கோப்பை ஜெர்சி, ஒரிஜினல்' என்று விற்பவரிடம் வேறு எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் சட்டப்படி போலிச் சின்னம் பதிப்பவருக்கும் அதை விற்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. போட்டுக்கொள்ள ஒன்று வாங்குகிற உங்களைப் போலீஸ் பிடிக்காது. ஆனால் ரெய்டு வந்தால் மாட்டுவது இன்ஸ்டாகிராமில் அழகாகப் படம் போட்டவர் இல்லை. நான்கு மெஷின் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் எடுத்தவர்தான் மாட்டுவார். எங்கள் ஊரில் அப்படிச் சரக்கும் மெஷினும் போய் நின்ற சின்ன யூனிட்காரர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஃபேன் ஜெர்சி விலைகூட அதிகம், வீட்டில் நான்கு பேர் போக வேண்டும் என்றால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. லோகோ எதுவும் இல்லாத நீல டி-ஷர்ட் நான்கு வாங்குங்கள். சி.எஸ்.கே. மேட்ச் என்றால் மஞ்சள். கேலரியைத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரிவது கலர் மட்டும்தான், உங்கள் நெஞ்சில் எந்தக் கம்பெனி என்று பார்த்து உள்ளே விடுகிற கேட் சேப்பாக்கத்தில் இல்லை. இன்னும் ஆசையாக இருந்தால் உள்ளூர் ஜெர்சி கடையில் சொந்த டிசைன் கொடுத்து, முதுகில் உங்கள் பெயரோ பிள்ளையின் பெயரோ பிடித்த நம்பரோ போட்டு வாங்குங்கள். நண்பர்கள் சேர்ந்து டீம் ஆர்டராகக் கொடுத்தால் ஒரு பீஸ் 250 முதல் 400 ரூபாய்க்குள் வரும். அணியின் சின்னத்தையும் ஸ்பான்சரையும் மட்டும் போடச் சொல்லாதீர்கள். 799-க்குக் கிடைப்பதைவிட நல்ல துணி பாதி விலையில் கிடைக்கும், சைஸும் உங்கள் அளவுக்கே வெட்டிக் கொடுப்பார்கள்.

மேட்ச் அன்று வாலாஜா ரோட்டில் தோளில் அடுக்கிக்கொண்டு 200 ரூபாய்க்கு விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னம் போட்டிருந்தால் அதுவும் போலிதான். ஆனால் அவர் உங்களிடம் அதை ஒரிஜினல் என்று சொல்வதில்லை, விலையும் சட்டைக்குத் தகுந்த விலை. கூட்டத்தில் குழந்தை அடம்பிடிக்கும்போது வாங்கிக் கொடுத்த அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். என் கோபமெல்லாம் 200 ரூபாய்ச் சரக்குக்கு 'மாஸ்டர் காப்பி', 'பிளேயர் வெர்ஷன்' என்று பட்டம் கட்டி ஆயிரத்துக்கு விற்பவர்கள்மேல்.

எந்த அணி என்பதையும் பாருங்கள். நாம் ஜெர்சி வாங்கித்தான் பி.சி.சி.ஐ. பிழைக்க வேண்டும் என்று இல்லை. சென்னையின் எஃப்.சி. மாதிரி கால்பந்து கிளப்புக்கோ உங்கள் ஊர்க் கிளப்புக்கோ ரசிகர் வாங்கும் ஒவ்வொரு அசல் ஜெர்சியும் கணக்கில் வரும். இருக்கிற காசில் ஒரே ஒரு அசல் ஜெர்சிதான் வாங்க முடியும் என்றால், நான் அதைச் சின்ன கிளப்புக்குத்தான் கொடுப்பேன். இந்திய அணிக்கு நீல டி-ஷர்ட் போட்டுக் கத்துவேன்.

மேல்படியே வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் ஸ்பான்சர் மாறும்வரை காத்திருங்கள். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் வந்து ட்ரீம்11 விலகியது, செப்டம்பரில் அப்போலோ டயர்ஸ் வந்தது. ஒரே மாதத்தில் அத்தனை ஜெர்சியும் பழசாகிவிட்டன. இப்படிப் பழசான அசலைக் கம்பெனிகள் தள்ளுபடியில் தள்ளிவிடும். ரோகித்தும் கோலியும் கோப்பையோடு நின்ற காலத்து ஜெர்சி பழசானால்தான் என்ன, எனக்கு அதுதான் மதிப்பு.

எதை வாங்கினாலும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், நிழலில் காயப்போடுங்கள். கம்ஃபோர்ட் மாதிரி கண்டிஷனர் ஊற்றாதீர்கள், அது நூலில் படிந்துகொண்டு வேர்வையை உறிஞ்ச விடாது. சேப்பாக்கத்துக்கு எந்த ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்தீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். பகலில் வெயில் விழுகிற பக்கம் என்றால் ஃபேன் ஜெர்சியில் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.