எப்ஸ்டீன்: பெயர்ப் பட்டியலும் ஒப்பந்தக் கையெழுத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் விவகாரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பத்திரிகையாளர்களே என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்க ஊடகங்களுக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. 2018இல் மயாமி ஹெரால்டு நாளிதழ் எழுதியவையும் காவல்துறைக் கோப்புகளில் ஏற்கெனவே இருந்தவைதானே? அவனோடு கூடிக் குலாவிய பெரிய மனிதர்களின் பட்டியலை இன்றுவரை முழுமையாக வெளியிடாதவர்களை எதற்காகப் பாராட்ட வேண்டும்?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

உங்கள் முதல் குற்றச்சாட்டை என்னால் மறுக்க முடியாது. 2003இல் வேனிட்டி ஃபேர் இதழுக்காக எப்ஸ்டீனைப் பற்றி எழுதிய விக்கி வார்டிடம் சகோதரிகள் இருவர் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லியிருந்தார்கள். அச்சில் வந்த கட்டுரையில் அந்தப் பகுதி இல்லை. எப்ஸ்டீனால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான வர்ஜீனியா ஜூஃப்ரேயை 2015இல் ஏபிசி தொலைக்காட்சி எடுத்த பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. கிடைத்த ஆதாரம் தங்கள் அளவுகோலுக்குப் போதவில்லை என்பதே இரு நிறுவனங்களும் தந்த விளக்கம். எப்ஸ்டீனின் வீடு இருந்த ஃபுளோரிடா மாநிலப் பாம் பீச்சின் முன்னாள் காவல்துறைத் தலைவர் மைக்கேல் ரைட்டரை ஹெரால்டின் நிருபர் ஜூலி கே. பிரவுன் அணுகியபோது அவர் தயங்கியதில் வியப்பில்லை. முன்பும் நிருபர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள், ஒன்றும் அச்சேறவில்லை.

ஆனால் கோப்பில் இருந்ததைத்தானே எழுதினார் என்று நீங்கள் சொல்லும் இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. 2005இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டார் கொடுத்த புகாரிலிருந்து பாம் பீச் காவல்துறை விசாரணையைத் தொடங்கியது. வழக்கு மத்திய அரசு வழக்கறிஞர்களிடம் சென்று, 53 பக்கக் குற்றப்பத்திரிகையின் வரைவும் தயாரான நிலையில், 2007 செப்டம்பரில் தெற்கு ஃபுளோரிடாவின் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்த அலெக்சாண்டர் அகோஸ்டாவின் அலுவலகம் எப்ஸ்டீனின் வழக்கறிஞர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மாநில நீதிமன்றத்தில் இரண்டே குற்றங்களை ஒப்புக்கொண்டால் போதும், மத்திய வழக்கு கிடையாது என்பது அதன் சாரம். விதிக்கப்பட்ட 18 மாதத் தண்டனையில் ஏறக்குறைய 13 மாதங்களே சிறைவாசம். அதிலும் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம்வரை வெளியே தன் அலுவலகத்துக்குப் போய்வர அனுமதி. பெயர் குறிப்பிட்ட நால்வருக்கும், பெயரே குறிப்பிடாத 'உடந்தையாளர்' எவருக்கும் அதே ஒப்பந்தம் பாதுகாப்பு அளித்தது. பெயர் தெரியாத ஒருவருக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதிக்கொடுக்கும் அரசு வழக்கறிஞரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஒப்பந்தம் மூடி வைக்கப்பட்டது. அது கையெழுத்தாகி மூன்று மாதங்களுக்கு மேல் கடந்தபின், 2008 ஜனவரியில், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடமிருந்து கடிதங்கள் சென்றன. வழக்கு விசாரணையில் இருக்கிறது, இதற்கு நெடுநாள் ஆகலாம், பொறுமை காக்க வேண்டும் என்று அவை கேட்டுக்கொண்டன. முடித்துக் கட்டப்பட்ட வழக்குக்காகக் காத்திருக்கும்படி அரசு முத்திரையோடு சொல்லப்பட்டவர்களில் சிலருக்கு அப்போது இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

அகோஸ்டா 2017இல் தொழிலாளர் துறை அமைச்சரானபோது, அந்தப் பெண்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்வியிலிருந்து பிரவுன் தொடங்கினார். கோப்புகளில் பெயர்கள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. வழக்கு ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுமார் 80 பெண்களை அவர் அடையாளம் கண்டார். பேச முன்வந்தவர்கள் எட்டுப் பேர், வெளிப்படையாகப் பேசியவர்கள் நால்வர். வேறொரு வழக்கில் தாக்கலாகியிருந்த, அரசுத் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் இடையிலான மின்னஞ்சல்களை வரிவரியாகப் படித்து, அரசுத் தரப்பு எந்த அளவுக்கு இணங்கிப் போயிருந்தது என்பதைக் காட்டினார். எப்ஸ்டீன் வீட்டுக்கு யார் யார் போனார்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, வழக்கை மூடும் தாளில் கையெழுத்திட்டவர் யார், ஏன் என்று கேட்டவர் அவர். இது கோப்பைப் பிரதியெடுக்கும் வேலை அல்ல.

2018 நவம்பரில் தொடர் வெளியானது. 2019 பிப்ரவரியில், அந்த ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர்களிடம் மறைத்தது குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டத்தை மீறிய செயல் என்று நீதிபதி கென்னத் மாரா தீர்ப்பளித்தார். (குற்றவழக்கு தொடங்குமுன் அந்தச் சட்டத்தின்கீழ் அவர்கள் வழக்குத் தொடர முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிற்பாடு கூறிவிட்டது, அந்தச் சோர்வையும் அப்பெண்கள் தாங்க வேண்டியிருந்தது.) ஜூலையில் நியூயார்க் வழக்கறிஞர்கள் எப்ஸ்டீனைக் கைது செய்தபோது, புலனாய்வு இதழியல் தங்களுக்கு உதவியதை வெளிப்படையாகவே சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் அகோஸ்டா பதவி விலகினார். ஆகஸ்ட் 10 அன்று எப்ஸ்டீன் சிறையில் இறந்தார். எப்ஸ்டீனின் கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல்லுக்கு 2022இல் 20 ஆண்டுச் சிறை. அகோஸ்டாவின் முடிவை 'மோசமான தீர்மானம்' என்று குறித்த அமெரிக்க நீதி அமைச்சகத்தின் உள்விசாரணை, தொழில்முறைத் தவறு என்று சொல்ல மறுத்தது.

பட்டியலுக்கு வருகிறேன். நீங்கள் எதிர்பார்ப்பது போல், குற்றவாளிகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட ஒரு தாள் இதுவரை வெளியானவற்றில் இல்லை. இருப்பவை முகவரிப் புத்தகம், விமானப் பயணக் குறிப்புகள், சத்தியப் பிரமாண வாக்குமூலங்கள், மின்னஞ்சல்கள். முகவரிப் புத்தகத்தில் பிரபுவும் இருப்பார், வீட்டு வேலைக்கு வந்தவரும் இருப்பார். மேக்ஸ்வெல் மீது ஜூஃப்ரே தொடுத்த வழக்கின் ஆவணங்களைத் திறக்கச் சொல்லி நீதிமன்றம் ஏறியதும் ஹெரால்டுதான். 2024 ஜனவரியில் அதன் அடுத்த பகுதி வந்தபோது சமூக ஊடகங்கள் அதைப் 'பட்டியல்' என்று பரப்பின. சாட்சிகளும் ஊழியர்களும் பாதிக்கப்பட்டவர்களுமே அந்தப் பெயர்களில் கலந்திருந்தார்கள். பொறுப்புள்ள நிருபர் அங்கே நிதானிப்பதைப் பயம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கோபத்துக்குப் பொருத்தமான இடம் பணம் சென்ற வழி என்பது என் எண்ணம். 2008இல் தண்டனை பெற்ற பின்னும் ஜேபி மோர்கன் வங்கி 2013வரை எப்ஸ்டீனின் கணக்கை வைத்திருந்தது. அது விலக்கியபின் டாய்ச்செ வங்கி சேர்த்துக்கொண்டது. 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலாவது வங்கி 29 கோடி டாலரும் இரண்டாவது 7.5 கோடி டாலரும் தர இசைந்தன. முதலீட்டாளர் லியோன் பிளாக், வரி ஆலோசனைக்கும் சொத்துத் திட்டமிடலுக்கும் என்று எப்ஸ்டீனுக்குக் கொடுத்தது குறைந்தது 15.8 கோடி டாலர். இந்தத் தொகைகளுக்கெல்லாம் ஒப்புதல் தாள்கள் உண்டு, அவற்றிலும் கையெழுத்துகள் உண்டு. விருந்துப் புகைப்படங்களைத் தேடுவதை விட்டுவிட்டு அவற்றைத் தேடும் நிருபர்கள் இன்னும் அதிகம் பேர் வேண்டும்.