மூழ்கிய கப்பல்களும் ஜெட்டிகளும்: ஒரு வார ஸ்கூபா பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நண்பர்கள் நான்கு பேர், எல்லோரும் அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் (ஸ்கூபாவில் இரண்டாம் கட்டச் சான்றிதழ்) வரை முடித்தவர்கள், இதுவரை பவளப்பாறைகளில்தான் இறங்கியிருக்கிறார்கள். இப்போது ஒரு வாரம் ஒதுக்கி, கரையோரம் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களையும் பழைய ஜெட்டிகளின் (கரையிலிருந்து கடலுக்குள் தூண்கள்மேல் நீளும் பலகைப் பாலங்கள்) அடிப்பகுதியையும் பார்க்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஜெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். நல்ல ஜெட்டி இருக்கும் ஊரை முதலில் பிடித்துவிட்டு, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய கப்பல் ஏதாவது இருக்கிறதா என்று அப்புறம் பாருங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பேர்போன ஒரு கப்பலின் படத்தைப் பார்த்து மயங்கி, அதற்காகவே பயணம் போட்டு, காற்று திரும்பியதால் படகே கிளம்பாமல் மூன்று நாள் விடுதி ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கப்பலுக்குப் படகு வேண்டும், படகோட்டி மனது வைக்க வேண்டும், கடலும் மனது வைக்க வேண்டும். ஜெட்டிக்குக் கரையிலிருந்து நடந்தே போகலாம், ஆழமும் பெரும்பாலும் 10 மீட்டருக்குள்தான் இருக்கும். அதனால் வாரத்தின் முதுகெலும்பு ஜெட்டியாக இருக்கட்டும், கடல் எந்த நாளில் இடம் கொடுக்கிறதோ அந்த நாளில் கப்பலைச் செருகிக்கொள்ளுங்கள்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்கள் நிஜமாகவே உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜியோகிராஃப் விரிகுடாவைப் பாருங்கள். 1.8 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பஸ்சல்டன் ஜெட்டி அங்கேதான் இருக்கிறது, 1997-ல் டைவர்களுக்காகவே மூழ்கடிக்கப்பட்ட ஸ்வான் என்ற போர்க்கப்பலும் அதே விரிகுடாவில் டன்ஸ்பரோ அருகே கிடக்கிறது. விரிகுடா வடக்கு பார்த்தது என்பதால் தென்மேற்கிலிருந்து உருண்டு வரும் பெரிய அலைகள் நேராக உள்ளே நுழைவதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ரேப்பிட் பே ஜெட்டியும் 2002-ல் யாங்கலில்லா விரிகுடாவில் இறக்கப்பட்ட ஹோபார்ட் கப்பலும் இதேபோல் ஒரு ஜோடி. நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் வரைபடத்தில் இப்படி ஒரு ஜோடியைத் தேடுங்கள். விரிகுடா எந்தத் திசை பார்த்திருக்கிறது, நீங்கள் போகும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்ற இரண்டு விஷயமும் தெரிந்தால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

கடல் நிலவரம் பார்க்கும்போது எல்லோரும் அலையின் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்பதையும் சேர்த்துப் பாருங்கள், கப்பலுக்கு அதுதான் முக்கியம். 5 விநாடிக்கு ஒருமுறை வரும் காற்றலையின் நீளம் 40 மீட்டர் போலத்தான் இருக்கும். படகைக் குலுக்கி எடுக்கும், வாந்தி வரவைக்கும், ஆனால் அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் போகும் என்பதால் 20 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது தெரியவே தெரியாது. 12 விநாடி இடைவெளியில் வரும் அலை ஒரு மீட்டர்தான் என்றாலும் ஆழ்கடலில் அதன் நீளம் 220 மீட்டருக்கு மேல். மேலே கடல் சாதுவாகத் தெரியும், 25 மீட்டரில் கிடக்கும் கப்பலின் பக்கத்தில் போனால் உங்களை முன்னும் பின்னும் இழுக்கும். துருப்பிடித்த தகடு ஓரத்தில் நிற்கும்போது அந்த இழுப்பு வேண்டவே வேண்டாம். உயரம் குறைவு, இடைவெளியும் குறைவு, கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் மெல்லிய காற்று என்று மூன்றும் சேர்ந்து வரும் நாள்தான் கப்பலுக்கான நாள். பெரும்பாலான கரைகளில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பிவிடும், அதனால் படகு காலையில் கிளம்புகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெட்டிக்கு ஏற்ற வற்றம்தான் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் இருக்கும் கரைகளில், ஏறுவதற்கு ஆகும் ஆறு மணி நேரத்தில் நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் மட்டுமே பாதித் தண்ணீர் ஏறிவிடும். அந்த நேரத்தில் தூண்களுக்கு நடுவே நீரோட்டம் கடுமையாக இருக்கும். முழு ஏற்றத்தை ஒட்டி நீர் நிற்கும் அரை மணி, முக்கால் மணிதான் பொற்காலம். வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் உள்ளே வந்திருக்கும், ஆழமும் கூடுதலாகக் கிடைக்கும், தூணைச் சுற்றி நிதானமாகப் பார்க்கலாம். ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் இருக்கிறது, நீர் நிற்கும் நேரம் ஏற்ற அட்டவணையோடு ஒத்துப்போவதில்லை, அந்த மாதிரி விஷயமெல்லாம் உள்ளூர் டைவ் கடைக்காரருக்குத்தான் தெரியும். போன் செய்து கேட்டுவிடுங்கள். நல்ல மழை பெய்திருந்தால் முகத்துவாரத்தை ஒட்டிய ஜெட்டியில் சில நாளைக்குக் கலங்கல்தான்.

ஜெட்டியை இவ்வளவு தூக்கிப் பேசுகிறானே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மேலே பலகை மறைப்பதால் கீழே வெயில் விழாது. வெயில் இல்லாத இடத்தில் பாசி தழைக்காது. பாசி விட்டுக்கொடுத்த இடத்தைக் கடற்பஞ்சும் மென்பவளமும் பிடித்துக்கொள்ளும், நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றே வளரும். இயற்கையில் 25, 30 மீட்டரிலோ குகை வாசலிலோ பார்க்க வேண்டிய ஆரஞ்சு, மஞ்சள், ஊதாவெல்லாம் ஜெட்டித் தூணில் 5 மீட்டரில் கிடைக்கும். டார்ச் கட்டாயம், பகலிலும்கூட. வெளிச்சம் அடிக்காவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் பச்சையாகத்தான் தெரியும்.

பார்க்கும் முறையும் வேறு. தூண் தூணாக ஓடினால் ஒன்றும் கண்ணில் படாது. ஒரு தூணை எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே மெதுவாக ஏறுங்கள். கடற்பஞ்சு உருண்டை ஒன்று இருக்கும், பார்த்துவிட்டு நகரப் போவீர்கள், அப்போது அந்த உருண்டையின் ஓரத்தில் கை மாதிரி ஒரு துடுப்பு தூணைப் பற்றியிருப்பது தெரியும். அதுதான் தவளை மீன். அதற்கப்புறம்தான் கண் எங்கே, வாய் எங்கே, நெற்றியில் தூண்டில் மாதிரி நீட்டியிருக்கும் முள் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். கடற்குதிரையும் அப்படித்தான், வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். ரேப்பிட் பே போன்ற இடங்களில் கடற்குதிரையின் உறவான லீஃபி சீ டிராகன் பார்க்கக் கிடைக்கும். பாதுகாக்கப்பட்ட உயிர், மிதந்து போகும் பாசிக்கொத்து என்றே முதலில் தோன்றும். படம் எடுங்கள், ஆனால் துரத்தாதீர்கள், ஃபிளாஷை அடுக்கடுக்காக அடிக்காதீர்கள். அது ஆழத்தைச் சட்டென்று மாற்றிக்கொள்ள முடியாத பிராணி, மேலும் கீழுமாக விரட்டினால் தாங்காது.

ஜெட்டி ஆழம் குறைவு என்பதால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. முதல் எதிரி தூண்டில் நரம்பு. தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, சிலிண்டர் வால்வில் சிக்கினால் பின்னால் என்ன இழுக்கிறது என்றே புரியாது. ஆளுக்கு ஒரு நரம்பு வெட்டி, கை எட்டும் இடத்தில், பிசிடியின் (காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) நெஞ்சுப் பட்டையில் மாட்டியிருக்க வேண்டும். மேலே தூண்டில் போடுபவர்களிடம் இறங்குவதற்கு முன்பே இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள், எந்தப் பக்கம் இறங்குகிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்று. இடம் அவர்களுடையதும்தான். தூணைக் கையால் பிடிக்க வேண்டாம், சிப்பியும் கொட்டலசும் பிளேடு மாதிரி அறுக்கும். ஆஸ்திரேலியா பக்கம் போனால் தரையில் கிடக்கும் பாட்டில், டப்பா, காலிச் சங்கு எதையும் எடுத்துப் பார்க்காதீர்கள், கொடிய விஷமுள்ள நீல வளைய ஆக்டோபஸ் குடியிருக்கும் வீடு அது. தேள் மீன் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இறங்குவதற்கு முன் ஏறும் இடத்தைப் பாருங்கள். ஏணி இருக்கிறதா, கடைசிப் படி வற்றத்தில் தண்ணீரைத் தொடுமா, அலை வந்து மோதும் பக்கமா, ஏணி பூட்டியிருந்தால் நீந்திக் கரையேற வேறு வழி எது என்று நான்கு பேரும் காய்ந்த உடம்போடு நடந்து பார்த்துவிட வேண்டும். கப்பல்கள் வந்து கட்டும் ஜெட்டியாக இருந்தால் துறைமுக அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள்.

சரி, கப்பலுக்கு வருவோம். முதலில் காற்றுக் கணக்கு, ஏனென்றால் பாறையில் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம் என்றால் 2400 லிட்டர் காற்று. 50 பாரைத் தொடாமல் வைத்தால் கையில் 1800. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், அழுத்தம் நான்கு மடங்காக இருக்கும் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார், ஆக 22 நிமிடம்தான், அதிலும் இறங்கி ஏறும் நேரம் அடக்கம். அதே ஆளுக்கு 8 மீட்டர் ஜெட்டியில் 50 நிமிடம் கிடைக்கும். 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு டீகம்ப்ரஷன் இல்லாமல், அதாவது ஏறும்போது வழியில் கட்டாயமாக நின்று நின்று வர வேண்டிய தேவை இல்லாமல், இருக்கக்கூடிய நேரமும் 20 நிமிடத்தைச் சுற்றித்தான். அதனால் மணலில் போய் நிற்க ஆசைப்படாமல், மேல்தளம் 15, 18 மீட்டரில் இருக்கும் கப்பலாகத் தேர்ந்தெடுத்து, அந்த மட்டத்திலேயே பெரும்பகுதி நேரத்தைக் கழியுங்கள். களவா, பாரை, சீலாக் கூட்டம் எல்லாம் மேல்பகுதியில்தான் சுற்றும். நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) படித்திருந்தால் 32 சதவீத ஆக்ஸிஜன் கலவை இங்கே நன்றாக உதவும், ஆனால் அதற்கு 33 மீட்டர்தான் எல்லை.

இறங்குவதும் ஏறுவதும் கயிற்றோடு. நீரோட்டம் இருக்கும்போது கயிற்றை விட்டால் கப்பல் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். கயிற்றுக்குத் திரும்ப முடியாமல் போனால் நடுக்கடலில் ஏற வேண்டியிருக்கும், அதற்காக, படகுக்கு இடத்தைக் காட்டும் மிதவையும் அதன் கயிறு சுற்றிய ரீலும் ஆளுக்கொன்று வேண்டும், அதை விடத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஜெட்டியில் முதல் நாளே பழகிவிடுங்கள், ஆனால் தூண்டில்காரர்களிடமிருந்து தள்ளி.

உள்ளே போகலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். இந்தப் பயணத்தில் வேண்டாம். டைவர்களுக்காக மூழ்கடித்த கப்பலில் கம்பிகளை அகற்றி, வழிகளை வெட்டித் திறந்து வைத்திருப்பார்கள், அதனால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் வருடங்கள் ஓட ஓடத் தகடு மெலிகிறது, தளம் தொங்குகிறது. உள்ளே படிந்திருக்கும் துருவும் வண்டலும் ஒரு ஃபின் அடித்தால் எழும்பி, வந்த வாசலையே மறைத்துவிடும். வெளிச்சம் தெரியும் எதிர்வாசல் இல்லாத எதற்குள்ளும், அதற்கான பயிற்சியும் வழிக்கயிறும் மூன்றில் ஒரு பங்கு காற்றுக் கணக்கும் (உள்ளே போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு) இல்லாமல் நுழையக் கூடாது. வெளியிலேயே ஒரு கப்பலைப் பார்த்து முடிக்க ஒரு டைவ் போதாது, முதல் டைவில் முன்பக்கம், இரண்டாவதில் பின்பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் மூழ்கிய கப்பல் என்றால் இன்னொன்று. குயின்ஸ்லாந்துக் கடலில் கிடக்கும் யோங்காலா 1911-ல் புயலில் 122 பேரோடு போனது, உள்ளே நுழைய அங்கே தடை. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கியது. 50 மீட்டருக்கும் கீழே கிடப்பதால் உங்கள் சான்றிதழுக்கு அது இல்லை, டெக்னிக்கல் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். இவையெல்லாம் கல்லறைகள். ஒரு திருகாணியைக்கூட எடுத்து வராதீர்கள். பல நாடுகளில் சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாத இடத்திலும் அது நமக்குச் சொந்தமில்லை.

பொருட்களில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன், மிதக்காமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் ஈய எடை. ஆழம் குறைந்த ஜெட்டியில் வெட்சூட் அமுங்காது, அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மேலே தூக்கும். கப்பலுக்குச் சரியாக இருந்த எடை 4 மீட்டரில் கடைசிப் பத்து நிமிடம் போதாமல் போகும். முதல் டைவின் முடிவில், 50 பாரில், பிசிடியில் காற்றில்லாமல் 5 மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் டீகம்ப்ரஷன் அறை (டைவிங்கால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அறை) எங்கே இருக்கிறது, அது இப்போது இயங்குகிறதா, டைவிங்குக்கான காப்பீடு அதை ஏற்குமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதிவிடுங்கள். ஒரே நாளில் கப்பலும் ஜெட்டியும் என்றால் காலையில் கப்பல், மாலையிலோ இரவிலோ ஜெட்டி. இரவு ஜெட்டி அலாதியானது, பகலில் ஒளிந்திருந்த கணவாயும் நண்டும் அப்போதுதான் வெளியே வரும், ஆனால் அதே ஜெட்டியைப் பகலில் ஒருமுறை பார்த்தபிறகே இரவில் இறங்குங்கள்.

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரு முழு நாளே விட்டால் இன்னும் நல்லது. டிக்கெட் போடும்போதே அந்த நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரையும் பிசிடியையும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசி, நிழலில் உலர்த்தி மூட்டை கட்ட அந்த நாள் சரியாக இருக்கும். ஈர வெட்சூட் எடை கூடி விமான நிலையத்தில் பெட்டியைப் பிரிக்க வேண்டியும் வராது.