மழை நின்றதும் டார்கெட் எங்கே போகிறது? ஸ்கோரரிடம் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை பக்கத்துப் போட்டிகளுக்குப் பல வருடமாக ஸ்கோர் எழுதுகிறேன். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்கிற மாவட்டம் நம்முடையது. அதனால் மழையில் ஓவர் குறைந்தால் டார்கெட்டைத் திருத்தப் பயன்படும் டக்வொர்த் லூயிஸ் அட்டவணை எப்போதும் என் பையில் இருக்கும். கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

குளச்சலிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, 50 ஓவரில் 250 அடித்திருக்கிறார்கள். மழையால் 10 ஓவர் போனால் 40 ஓவருக்கு 201தானே டார்கெட்? ஏன் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறது?

சராசரிக் கணக்கு ஓவரை மட்டும்தான் பார்க்கும், கையில் இருக்கும் விக்கெட்டைப் பார்க்காது. ஃபிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் இரண்டையும் சேர்த்து 'வளம்' என்று கணக்கிட்டார்கள். 50 ஓவரும் 10 விக்கெட்டும் இருந்தால் வளம் 100 சதவீதம்.

உன் ஆட்டத்தையே எடுப்போம். துரத்தும் அணி 30 ஓவர் ஆடி முடித்ததும் மழை வருகிறது, விழுந்தது 2 விக்கெட். அட்டவணைப்படி மீதி 20 ஓவருக்கு வளம் 52.4. மழை விட்ட பிறகு 10 ஓவர்தான் மிச்சம், அதற்கு 30.8. போனது 21.6, ஆக மொத்தம் கிடைத்தது 78.4. 250-ல் 78.4 சதவீதம் 196, டார்கெட் 197.

இப்போது அதே இடத்தில் 6 விக்கெட் போயிருந்தால்? 20 ஓவருக்கு 30.8, 10 ஓவருக்கு 22.8. போனது வெறும் 8. வளம் 92, டார்கெட் 231! கடைசி ஆட்டக்காரர்கள்தான் மிச்சம் என்றால் அந்த 10 ஓவரில் பெரிதாக எதுவும் வந்திருக்காது. அதனால் மழை அவர்களிடமிருந்து பறித்ததும் கொஞ்சம்தான். இது ஒன்று பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கழித்தல். வானம் கறுக்கும்போது விக்கெட்டை விட்டுவிடாதே என்று நம் பையன்களிடம் நான் கத்துவதும் இதனால்தான்.

மார்த்தாண்டம் நண்பர்: 2017-ல் திருவனந்தபுரம் கிரீன்ஃபீல்டில் இந்தியா–நியூசிலாந்து ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். மழை அப்படிப் பெய்தும் டார்கெட் மாறவில்லையே?

அங்கே தொடங்கும் முன்பே 8 ஓவர் என்று முடிவாகிவிட்டது. இரண்டு அணிக்கும் சம வளம், திருத்த ஒன்றுமில்லை. இந்தியா 67, நியூசிலாந்து 61.

குலசேகரத்திலிருந்து: முதலில் ஆடியவர்கள் எடுத்ததைவிட அதிகமாக டார்கெட் வைப்பது அநியாயம் இல்லையா அண்ணாச்சி?

இல்லை. 50 ஓவர் இருக்கிறது என்று நிதானமாக ஆடி, 40 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 200. அத்தோடு மழை, இன்னிங்ஸ் முடிந்தது. அவர்கள் பயன்படுத்திய வளம் 73.9தான். அடுத்த அணிக்கோ 40 ஓவர் என்று முதலிலேயே தெரியும், 10 விக்கெட்டையும் வைத்து அடிக்கலாம், வளம் 89.3. வித்தியாசம் 15.4. அதை 50 ஓவருக்கு 245 என்ற சராசரி ஸ்கோரில் பிடித்தால் சுமார் 37.7 ரன். டார்கெட் 238.

தக்கலை கிளப் பையன்: எங்களுடையது 20 ஓவர் போட்டி. 140-ஐத் துரத்துபவர்களுக்கு 15 ஓவர்தான் கிடைத்தால்?

அதே அட்டவணைதான் தம்பி. 20 ஓவருக்கு 56.6, 15 ஓவருக்கு 45.2. 140-ஐ 45.2-ஆல் பெருக்கி 56.6-ஆல் வகுத்தால் 111.8, டார்கெட் 112. சராசரி பார்த்தால் 106 வந்திருக்கும். பெரிய ஆட்டங்களில் ஸ்டீவன் ஸ்டெர்ன் திருத்திய டி.எல்.எஸ். (டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன்) முறை கம்ப்யூட்டரில் ஓடும், எண் சற்று மாறலாம். நமக்கு இந்தத் தாளே போதும். ஆனால் டாஸ் போடும் முன்பே இதுதான் கணக்கு என்று இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு இறுதி ஆட்டத்தில் அப்படிச் சொல்லாமல் விட்டு, இருட்டும் வரை சண்டை நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதே பையன்: பார் ஸ்கோரும் டார்கெட்டும் ஒன்றா?

பார் என்பது அந்த நேரத்தில் ஆட்டம் நின்றால் சமனாகும் ஸ்கோர். ஜெயிக்க ஒன்று கூட வேண்டும். 2003 உலகக் கோப்பை, டர்பன்: 45-வது ஓவரில் சிக்ஸர் அடித்த தென்னாப்பிரிக்காவின் பவுச்சர், 229 போதும் என்று நினைத்துக் கடைசிப் பந்தைத் தட்டிவைத்தார். மழையில் ஆட்டம் நின்றது. 229 பார்தான், ஆட்டம் டை. தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணிலேயே வெளியேறியது.