ஆரு கண்ணு செத்துப்போனது?

அண்ணா, வணக்கம்ங்க.

இங்கிலீஷ் பாட்டுக்காரர் நிக் டிரேக் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ ஆல்பத்தை நாலஞ்சு தடவை கேட்டேன். சோமனூர் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி ஓடுது. ராத்திரி ஷிஃப்ட்ல ஹெட்செட் மாட்டிக்கிட்டுத்தான் பாட்டுக் கேக்கறது. அந்தக் கிட்டாரும் கொரலும் ரொம்பப் புடிச்சுதுங்க. ஆனா வயலின் செட்டு வந்தா எனக்கு ஒத்துக்கலை. பழைய படத்துல அம்மாக்காரி ஆஸ்பத்திரியில கெடக்கற சீன் மாதிரியே இருக்குது. ‘வே டு ப்ளூ’ பாட்டை ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டேன். எங்கம்மா அடுப்படியில இருந்து, “ஆரு கண்ணு செத்துப்போனது?”ன்னு கேக்கறாங்க. நீங்க வேற “வயலின்கள் விம்முகின்றன”ன்னு எழுதியிருக்கீங்க. அந்தச் செட்டே இல்லாம இருந்தா ஆல்பம் இன்னும் நல்லா இருந்திருக்காதுங்களா?

(வாசகர், சோமனூர்)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த ‘விம்முகின்றன’. வசமாகப் பிடித்துவிட்டீர்கள். வேறு சொல் அகப்படாமல் சினிமா விமர்சனச் சொல் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த ஆல்பத்தில் எந்த வயலினும் விம்மவில்லை. வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். சோமனூரிலோ கருமத்தம்பட்டியிலோ ஏதாவது ஓர் எழவு வீட்டில் வயலின் வாசித்துக் கேட்டிருக்கிறார்களா? நம் பக்கம் சாவென்றால் தப்பட்டை, ஒப்பாரி. வயலினுக்கும் நம் ஊர்ச் சாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் நாலு வயலின் சேர்ந்து இழுத்ததும் அம்மாவுக்குப் பிணம் கண்ணில் தெரிகிறது. டூரிங் டாக்கீசும் ரேடியோவும் கற்றுக்கொடுத்த பாடம் அது. நாயகி கண் கலங்கும் முன்பே வயலின் கலங்கிவிடும். நாம் எந்த இடத்தில் அழவேண்டும் என்று அது சொல்லும், நாமும் அழுவோம். உங்களுக்கு எரிச்சலூட்டுவது அந்த அதட்டல்தான். டிரேக்கின் ஆல்பத்தில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை என்கிறேன்.

ஆல்பம் வந்தது 1969-இல். டிரேக் அப்போது கேம்பிரிட்ஜில் படிக்கிற பையன். (பிறந்தது ரங்கூனில். அப்பா பாம்பே பர்மா கம்பெனியில் எஞ்சினியர். வால்பாறைக்குப் போனால் முடீஸ் பக்கம் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றனவே, அதே கம்பெனி. பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தயாரிப்பாளர் ஜோ பாய்ட் முதலில் அனுபவசாலி ஒருவரைத் தந்திக் கோர்வை (வயலின் வகையறாவுக்கான இசை) எழுத வைத்தார். வாயைத் திறந்து பேசவே கூச்சப்படும் டிரேக், இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கிர்பியைக் கூட்டிவந்தார். கிர்பி அதுவரை ஒரு ரெக்கார்டிங்கும் செய்ததில்லை. ஆல்பத்தின் பத்துப் பாட்டில் நாலு அவர் கைவேலை.

அதில் ஒன்றுதான் அம்மா கேட்ட ‘வே டு ப்ளூ’. இன்னொரு தடவை கேளுங்கள்: உங்களுக்குப் பிடித்த கிட்டாரே அதில் கிடையாது. குரலும் தந்திகளும் மட்டும். செட்டை எடுத்துவிட்டால் பாட்டில் பையன் தனியாக நின்றுகொண்டிருப்பான்! கவனித்தால், தந்திகள் குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை. அவை தம்பாட்டுக்கு நிதானமாக நடக்கின்றன; குரல் கூடவே நடக்கிறது, அழுத்தமில்லாமல். யாரும் யாரையும் தேற்றவில்லை.

பாப் பாட்டோடு இப்படித் தந்திகள் சேர்கிற மாதிரிக்குப் பெயர் பரோக் பாப் என்பார்கள். பெயரை விடுங்கள். 1966-இல் பீட்டில்ஸ் ‘எலினார் ரிக்பி’ செய்தபோது நாலு வயலின், ரெண்டு வயோலா, ரெண்டு செல்லோ (ரெண்டும் வயலினுக்குப் பெரிய, கனத்த குரல் சொந்தங்கள்). கிட்டாரும் டிரம்ஸும் இல்லை. மொத்தம் எட்டு. உங்கள் குடோனிலும் எட்டு. ஆறாவது தறியில் சத்தம் மாறினால், எட்டும் ஒன்றாக அடிக்கும்போதே திரும்பிப் பார்த்துவிடுவீர்கள்தானே? அந்தக் காதை வைத்துக்கொண்டு ‘வயலின் செட்டு’ என்று மொத்தமாகச் சொல்வது நியாயமில்லை. அடியில் செல்லோ எங்கே போகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். 1986-இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம் போட்டபோது வயலின்கள் ஒன்றோடொன்று வழக்காடின. அதைக் கேட்டு யாரும் எழவு விசாரிக்கவில்லை.

அதே ஆல்பத்தின் ‘ரிவர் மேன்’ வேறு கதை. கிர்பி அதைத் தன்னால் முடியாது என்று விட்டுவிட்டார். மூத்தவர் ஹாரி ராபின்சன் எழுதினார். கிட்டார் ஐந்து ஐந்தாக எண்ணிப் போகும், நம் தாளக் கணக்கில் கண்டம். தந்திகள் உடனே வராது. வந்த பிறகும் அந்த ஐந்தில் மாட்டிக்கொள்ளாமல், நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும். டிரேக் நடுவில் உட்கார்ந்து பாட, வாத்தியக்காரர்கள் கூடவே வாசித்துப் பதிந்த பாட்டு அது.

கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொங்கு நாட்டு அண்ணமார் கதைப்பாட்டுதான் ஞாபகம் வருகிறது. 1965-இல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் பல இரவுகள் டேப்பில் பதிந்துவைத்த கதை. நீங்களும் ஏதாவது கோயில் நோம்பியில் கேட்டிருப்பீர்கள். பொன்னரும் சங்கரும் சாகிற இடத்தில் உடுக்கை இழுத்து அழாது. கை ஓயாமல் அடித்துக்கொண்டே போகும். அழுகிறது கேட்கிற சனம். அந்தச் சாவை நடத்திக் காட்டும் படுகளச் சடங்கில் விழுகிறதும் சனம்தான். உடுக்கைக்காரர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கணக்கெழுதுகிறவர் மாதிரி இருக்கும். டிரேக்கின் குரலும் அப்படித்தான்.

உங்கள் கட்சியிலும் நியாயம் உண்டு. ‘த தாட்ஸ் ஆஃப் மேரி ஜேன்’ பாட்டில் புல்லாங்குழலும் தந்தியும் சேர்ந்து எனக்கே திகட்டும், சர்க்கரை தூக்கலான பாயசம். டிரேக்கும் கடைசியில் உங்கள் பக்கம் வந்தார். 1972-இல் வந்த ‘பிங்க் மூன்’ ரெண்டே ராத்திரியில் பதிந்தது, அரைமணி நேரம்கூட ஓடாது. குரல், கிட்டார், ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ. 1974-இல் 26 வயதில் போய்ச் சேர்ந்ததால், அதுதான் அவருடைய நிஜ முகம் என்று சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. நண்பனைக் கூட்டிவந்து நிறுத்தி இவன்தான் வேண்டும் என்று அடம்பிடித்த பையனும் நிஜம்தான்.

ஒன்று செய்யுங்கள். தறிச் சத்தத்துக்கு மேலே செல்லோவைக் கேட்பது நடக்காத காரியம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது. அப்போது ‘ரிவர் மேன்’ போடுங்கள். ஃபோனில் சார்ஜ் இருக்கட்டும். ஹெட்செட் வேண்டாம், அம்மாவும் கேட்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.