மகளின் வில்லுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. மூன்று வருடமாக ரிகர்வ் வில்லில் (ஒலிம்பிக்கில் பயன்படும், முனை வளைந்த வில்) பயிற்சி. இந்த ஆண்டு மாநிலப் போட்டியில் வெள்ளி. இனி சொந்த வில் வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். ரைசர் (நடுவில் உள்ள கைப்பிடிப் பகுதி) 70,000, லிம்ப் (மேலும் கீழும் வளையும் தகடுகள்) 75,000, ஒரு டஜன் அம்பு 45,000, சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிறுத்தும் தண்டு) வகையறா 1,10,000. மொத்தம் 3 லட்சம். என் சம்பளம் 58,000. வீட்டுக்கடன் தவணை 16,000, குடும்பச் செலவு 27,000, எஸ்ஐபி (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 5,000, பயிற்சிக் கட்டணம் 4,000 போக 6,000 மிஞ்சும். வங்கியில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. நகையை வைத்து வாங்கிவிடலாம் என்கிறார் மனைவி. செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். நகைக்கடனுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 3,000. மிஞ்சுவதில் பாதி அதற்கே போகும், அசல் அப்படியே நிற்கும். ஆனால் நான் தடுப்பது வட்டிக்காக மட்டுமில்லை. நீங்கள் வாங்கப்போகும் செட்டில் கணிசமான பகுதி இரண்டு மூன்று வருடத்தில் மாறப்போகிறது.

ரிகர்வில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு உலகப் போட்டிகளில் 60 மீட்டர். அந்த வயதைத் தாண்டினால் 70. தூரம் கூடினால், தோளும் வலுவானால், லிம்ப்பின் பவுண்டையும், அதாவது இழுவிசையையும், கூட்டியாக வேண்டும். பவுண்டு மாறினால் அம்பின் விறைப்பும் மாற வேண்டும், பழைய அம்பு சரியாகப் போகாது. வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைத்தால் மடிப்பு விட்டுத் தைக்கலாம். லிம்ப்பில் போல்ட்டைத் திருகிச் சில பவுண்டு கூட்டலாம், அவ்வளவுதான். ஆக லிம்ப்பும் அம்பும் சேர்ந்த 1,20,000 ரூபாய்ச் சரக்கை இப்போதே உச்ச தரத்தில் வாங்குவது வீண்.

ரைசர் அப்படியில்லை, பல வருடம் உழைக்கும். ஐஎல்எஃப் (பல கம்பெனிகளுக்கும் பொதுவான பொருத்து முறை) உள்ளதாகப் பார்த்து வாங்கினால் எந்தக் கம்பெனியின் ஐஎல்எஃப் லிம்ப்பும் சேரும். டெபாசிட்டில் மூன்று மாதச் செலவுக்கு 1,30,000 ஒதுக்குங்கள், அதைத் தொடக்கூடாது. மீதி 70,000 சரியாக ரைசருக்கு ஆச்சு. லிம்ப், சைட், ஸ்டெபிலைசர் எல்லாம் சீனியர்களிடம் பழையதாகக் கிடைக்கும், தீபாவளி போனஸில் ஒவ்வொன்றாக வாங்கலாம். பழைய லிம்ப்பில் முறுக்கு, விரிசல் இருக்கிறதா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்பு இப்போதைக்கு நடுத்தரம் போதும். எப்படியும் தொலையும், ஒடியும்.

அப்புறம், மிஞ்சும் 6,000-இல் 4,000-க்கு ஆர்டி (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள். 30 மாதத்தில் அசலே 1,20,000. அவள் 70 மீட்டருக்குப் போகும் நேரத்தில் லிம்ப்புக்கும் அம்புக்கும் அது கையில் இருக்கும். மீதி 2,000 போட்டிப் பயணங்களுக்கு. எஸ்ஐபியை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: இதில் வருமானம் எப்போது வரும்? இந்திய வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரியின் அப்பா ராஞ்சியில் ஆட்டோ ஓட்டியவர். 2006-இல் டாடா வில்வித்தை அகாடமியில் சேர்ந்த பிறகுதான் தீபிகாவுக்குச் சரியான கருவி கிடைத்தது. உதவித்தொகை மாதம் 500 ரூபாய். பாரிஸ் 2024 அவருக்கு நான்காவது ஒலிம்பிக். அவ்வளவு பெரிய வீராங்கனைக்கும் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. வில்வித்தையில் இந்தியாவே இன்னும் ஒன்று வாங்கியதில்லை. எனவே பரிசுப் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் உங்கள் மகள் தேர்வானால் மாதம் 10,000 கைச்செலவுத் தொகை வரும், அது அவள் கணக்கிலேயே இருக்கட்டும். நிலையான சம்பளம் என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான்: ரயில்வே, போலீஸ், தமிழக அரசுப் பணியில் 3 சதவீதம். அதற்குப் படிப்பும் கேட்பார்கள். வில்லுக்காகப் பள்ளியை விடும் பேச்சு வந்தால் நான் சம்மதிக்க மாட்டேன்.

சான்றிதழ்களின் அசலைப் பத்திரமாக வையுங்கள். ‘தேசியப் போட்டி’ என்று பேனர் கட்டிக் கட்டணம் வசூலிப்பவர்கள் நிறைய. இந்திய வில்வித்தை சங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். அது இல்லாவிட்டால், தங்கமே வாங்கினாலும் அந்தச் சான்றிதழ் வேலை விண்ணப்பத்தில் செல்லாமல் போகலாம்.