கார் பராமரிப்புப் பெட்டியைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றைக் கடனில் வாங்கியிருக்கிறேன். மாதம் ஒருமுறை வெளியில் கொடுத்து உள்ளும் புறமும் சுத்தம் செய்துகொள்கிறேன். இந்தச் செலவைக் குறைக்க வீட்டிலேயே செய்யலாம் என்று நினைக்கிறேன். பாலிஷ் இயந்திரமும் 25 பொருள்களும் அடங்கிய பெட்டி ஒன்று, வட்டியில்லாத 12 மாதத் தவணையில் கிடைக்கிறது. அதன் விலை, நான் ஒருமுறை கொடுக்கும் கட்டணத்தைப் போல 18 மடங்கு. வாங்கலாமா? காரை விற்கும்போது இந்தப் பணம் திரும்பி வருமா?

பதில்: வீட்டிலேயே செய்துகொள்வது என்ற உங்கள் முடிவு சரியானது, அதற்கு அந்தப் பெட்டி தேவையில்லை. விலையை நீங்கள் கட்டணத்தின் மடங்காகச் சொல்லியிருப்பது நல்ல வழி என்பதால் நானும் அதே அளவுகோலையே வைத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒருமுறை கழுவுவதற்கான ஷாம்பு, தண்ணீர், தேய்மானம் எல்லாம் சேர்ந்து கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்று கொண்டால், ஒவ்வொரு முறையும் உங்களுக்கு 0.9 மடங்கு மிச்சமாகும். 18 மடங்கு விலையுள்ள பெட்டி தன் விலையை ஈட்ட 20 முறை, அதாவது மாதம் ஒருமுறை வீதம் 20 மாதங்கள் பிடிக்கும். தவணையோ 12 மாதங்களில் முடிந்துவிடும். ஆகவே அந்த ஓராண்டு முழுவதும், இப்போது கொடுப்பதைவிட ஒன்றரை மடங்கு கொடுத்துக்கொண்டு, காரையும் நீங்களே கழுவிக்கொண்டிருப்பீர்கள். பெட்டிக்குப் பதிலாகத் தேவையான பொருள்களை மட்டும் தனித்தனியாக வாங்கி, நான்கு மடங்குக்குள் தொடங்கினால் ஐந்தாவது மாதத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும். ஆர்வத்தில் வாரம் ஒருமுறை கழுவினாலும், வெளியில் கொடுக்காமல் தவிர்த்த மாதங்களை மட்டுமே மிச்சக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அதே பெட்டியை ரொக்கமாக வாங்கினால் தள்ளுபடி உண்டா, தவணைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அதுதான் வட்டி.

நான்கு மடங்குத் தொகையை எல்லாப் பொருள்களுக்கும் சமமாகப் பிரிக்கக் கூடாது. காரின் மேற்பூச்சில் படியும் வட்ட வட்டமான கீறல்கள் பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவை. வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலைபோலத் தெரியும். எனவே பெயிண்ட்டைத் தொடும் பொருள்களுக்கே பணத்தின் பெரும்பகுதி போக வேண்டும்: கழுவுவதற்கு ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, ஈரம் ஒற்றுவதற்கு ஒரு பெரிய தடித்த துண்டு, மற்ற வேலைகளுக்கு ஆறு துணிகள். துணியை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்காமலும், துணியை மென்மையாக்கும் திரவங்களைப் பயன்படுத்தாமலும் இருந்தால் இவை நீண்ட நாள் உழைக்கும். தரையில் விழுந்த துணி, துவைக்கும் வரை பெயிண்ட்டின் பக்கமே போகக் கூடாது.

வாளிகளில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். ஷாம்பு நீருக்கு ஒன்று, கையுறையை அலசுவதற்கு ஒன்று என இரண்டு வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய வாளிகளே போதும். சக்கரங்களுக்குத் தனியாக ஒரு பழைய துணியும் பிரஷ்ஷும் வையுங்கள், பிரேக் தூள் ஒட்டிய அந்தத் துணி கதவைத் தொட வேண்டாம். உட்புறத்துக்கு வீட்டு வேக்யூம் கிளீனரும் ஒரு மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷும் தாராளம்.

ஷாம்பு வாங்கும்போது பாட்டில் விலையைப் பார்க்காமல், ஒரு வாளிக்கு என்ன விலை என்று பாருங்கள். 10 லிட்டர் வாளிக்கு 25 மில்லி போதும் என்று குறிப்பிட்டிருந்தால் அரை லிட்டர் பாட்டில் 20 முறைக்கு வரும். ஐந்து லிட்டர் கேன் லிட்டர் கணக்கில் மலிவுதான். ஆனால் மாதம் ஒருமுறை கழுவும் உங்களுக்கு அது 200 மாதச் சரக்கு, பணத்தைக் கேனில் அடைத்து வைத்ததாகிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தை மாற்றாகப் பயன்படுத்தினால் அது பெயிண்ட்டைக் காக்கும் மெழுகுப் பூச்சான வாக்ஸையும் சேர்த்துக் கரைத்துவிடும், மறுபடி வாக்ஸுக்குச் செலவழிக்க நேரும்.

வாக்ஸ் ஒன்று போதும். கார்னாபா என்ற பனை மெழுகு வகை சில வாரங்களிலேயே போய்விடும், அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பூச்சான சீலன்ட் சில மாதங்கள் நிற்கும் என்பதால், நேரத்துக்கும் விலை வைத்துப் பார்க்கும் தொடக்கக்காரருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். டேஷ்போர்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று என்று பெட்டியில் வரும் சின்னச் சின்னப் பாட்டில்களில் பல, ஒரே வேலையைச் செய்பவையே.

பாலிஷ் இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெட்டியின் விலையைத் தூக்கிவிடுவது அதுதான். பெயிண்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற படலம் பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள்தான் இருக்கும், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பாலிஷ் என்பது அந்தப் படலத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுப்பது. உங்கள் கார் பழைய கார். முந்தைய உரிமையாளர் எத்தனை முறை தேய்த்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஓரங்களில் படலம் போய்விட்டால் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. இயந்திரத்தோடு, அதில் மாட்டும் பேட், தேய்க்கும் பசையான காம்பவுண்ட் ஆகியவற்றின் செலவும் தொடரும். கீறல்கள் உறுத்தினால், படலத்தின் தடிமனை அளந்து பார்க்கக்கூடிய அனுபவசாலியிடம் ஒரேயொரு முறை கொடுத்துச் சரிசெய்துகொண்டு, பிறகு நல்ல துணியால் அதைக் காப்பாற்றுவதே மலிவு. நானும் ஒருகாலத்தில் இப்படி ஒரு பெட்டி வாங்கியவன்தான். அதிலிருந்த, பெயிண்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுப்பதற்கான களிமண் கட்டியைக் கைதவறித் தரையில் போட்டுவிட்டு, வீணாகிறதே என்று துடைத்துவிட்டுத் தேய்த்தேன். ஒட்டியிருந்த மணல், பின்கதவு முழுவதும் கோடு இழுத்துவிட்டது. அந்தக் கதவுக்கு ஆன செலவு பெட்டியின் விலையைத் தாண்டியது.

விற்பனை விலை பற்றிய உங்கள் கேள்விக்கு: இதை முதலீடாக எழுதிக்கொள்ளாதீர்கள், பராமரிப்புச் செலவு என்றே எழுதுங்கள். வாங்குபவர் பார்ப்பது காரின் வயது, ஓடிய கிலோமீட்டர், விபத்து வரலாறு, சர்வீஸ் பதிவுகள். சுத்தமான கார் பேரம் பேசுபவரின் வாயை ஓரளவு அடைக்கும், அவ்வளவே. ஆறாவது மாதத்திலிருந்து மிச்சமாகும் தொகையைக் கார் கடனின் அசலில் கட்டலாம். அதற்கு முன், முன்கூட்டிச் செலுத்தினால் அபராதம் உண்டா, மாதம் தவறாமல் சிறு தொகைகளை ஏற்பார்களா என்று கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஏற்க மாட்டார்கள் என்றால் தனிக் கணக்கில் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுங்கள்.